பழைய டீசல் எஞ்சின் கபினுக்குள்ள ஏறினனீங்களோ? சொல்லுங்கோ

மாவிட்டபுரத்தான்:
கனடா இலங்கைக்குக் குடுத்த எம்2 டீசல் எஞ்சின் எல்லாருக்கும் தெரியும்தானே. 1990க்கு முதல், காங்கேசன்துறையில றைவர் ஐயா என்னைத் தூக்கி உள்ள ஏத்தினவர். கேஜ், சுவிச்சு ஒண்டும் இப்ப நினைவில்லை. அவர் ஒரு சின்னக் கைபிடியைக் கழட்டி சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சதுதான் கண்ணுக்குள்ள நிக்குது. "இது இல்லாட்டி ஆராலும் ஓட்டேலாது தம்பி" எண்டார். எஞ்சின் உறுமிக்கொண்டே நிண்டது. அது என்ன கைபிடி?

தண்டவாளப்பிரியன்:
றிவேர்சர், அண்ணை, வண்டி எந்தப் பக்கம் போறது எண்டு மாத்துற பிடி. முன்னுக்கு, நடு, பின்னுக்கு எண்டு மூண்டு நிலை. திறொட்டில், அதுதான் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி, ஐடிலில (ஆகக் குறைஞ்ச நிலையில), றிவேர்சர் நடுவில இருந்தால்தான் கழண்டு வரும். கழட்டினால் திறொட்டில் பூட்டுப்பட்டிடும், எஞ்சின் நிக்காது. நான் ஏறினது கொழும்பு தெமட்டகொடையில. திறொட்டிலில எட்டு நொச், எட்டுப் படி மாதிரி. றைவர் முதல் நொச்சுக்கு இழுத்தார். வண்டி அசையேல்லை, மோட்டருக்குப் போற கறண்டைக் காட்டுற அம்பியர் முள்ளு மட்டும் விறுக்கெண்டு எழும்பிச்சு. பிறகுதான் சில்லு உருண்டது. டீசல் எஞ்சின் ஜெனரேற்றரைத்தான் சுத்துது, சில்லைச் சுத்துறது மோட்டர் எண்டு எத்தினை தரம் படிச்சிருப்பன்! அந்த முள்ளைக் கண்டபிறகுதான் விளங்கிச்சு.

பளைவாசி:
"ஆராலும் ஓட்டேலாது" எண்டதை நான் ஒத்துக்கொள்ளன். அதே வகைக் கைபிடி இன்னொரு றைவரிட்டையும் இருக்கும். கைபிடியைக் கழட்டினாப்போல வண்டி உருளாது எண்டும் இல்லை. சரிவில பிறேக் இல்லாட்டி தானா உருளும். கைபிறேக்கும் போடவேணும்.

எனக்கு நினைவில நிக்கிறது வாக்கும் பிறேக், குழாயில காத்தை உறிஞ்சி வெற்றிடமாக்கி வைச்சிருக்கிற பிறேக். றைவர் பிடியைத் திருப்ப உஸ்ஸெண்டு காத்து உள்ள போகும், கேஜ் முள்ளு விழும், பின்னுக்கு முழு றெயிலும் இறுகும். காத்து உள்ள போனால்தான் பிறேக் பிடிக்கும், வாக்கும் ஏறினால்தான் விடும். கனபேர் இதைத் தலைகீழா நினைக்கினம்.

2014 ஒக்டோபரில யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப றெயில் வந்த பிறகு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எஞ்சின் பாக்கப் போறியள், நல்லம். ஆனா றைவர் கூப்பிட்டால் மட்டும் ஏறுங்கோ. சின்னப் பிள்ளையளுக்குக் காதைப் பொத்திவிடுங்கோ, உள்ள சத்தம் பொல்லாதது. ஒரு சுவிச்சையும் தொடவிடாதேங்கோ, எஞ்சின் நிண்டிருந்தாலும்தான். செருப்போட ஏறவேண்டாம், படியில எண்ணெய் இருக்கும், சப்பாத்து நல்லது. இறங்கேக்க முகம் எஞ்சின் பக்கம் இருக்கவேணும், இரண்டு கையும் கம்பியில. போனைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ, படம் கீழ நிண்டு எடுக்கலாம்.