வில்னா ரப்பியை நியூயார்க்குக்கு அனுப்பிய சிபாரிசு: தப்பு யார் மேல்?

பழையதாள்:
அந்தக் காலத்தில் கிழக்கு ஐரோப்பாவில் ஓர் ஊருக்கு ரப்பி, அதாவது யூத மதகுரு, வேண்டுமென்றால், பெரிய ரப்பி ஒருவரிடம் கைப்பட எழுதிய சிபாரிசுக் கடிதம் வாங்குவார்கள். எங்கே படித்தார், யாரிடம் படித்தார், மார்க்கச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதி உண்டா என்பதெல்லாம் ஹீப்ருவில் இருக்கும். அடியில் கையெழுத்து, முத்திரை. எழுதியவர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை.

தேன்மொழி_ம:
அப்படியானால் 1888ஐப் பார்ப்போம். நியூயார்க்கின் ஆர்த்தடாக்ஸ் (பழைமைவாத) யூத சபைகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தலைமை ரப்பி வேண்டுமென்று கோவ்னோ நகர ரப்பி ஐசக் எல்கானன் ஸ்பெக்டர் போன்ற பெரியவர்களுக்கு எழுதிக் கேட்டன. கடைசியில் வந்தவர் லிதுவேனியாவின் வில்னா நகரப் பிரசங்கி ஜேக்கப் ஜோசப். வோலோஷின் யூத வேதப் பள்ளியில் படித்தவர், படிப்பில் குறையே கிடையாது. வந்த பிறகு என்ன ஆனது? ரப்பிக்கும் மேற்பார்வைக்குமான செலவுக்காக, கோஷர் (யூத உணவு விதிப்படி அறுத்த) கோழி ஒவ்வொன்றின் காலிலும் ஈய முத்திரை கட்டி ஒரு சென்ட் வசூலித்தார்கள். ரஷ்யாவில் இறைச்சிக்கு வரி கட்டி நொந்துபோய் வந்த பெண்கள் கொதித்துப்போனார்கள். கசாப்புக்காரர்களும் எதிர்த்தார்கள். சிபாரிசு செய்த ஒருவராவது அந்த ஊரைக் கண்ணால் பார்த்தவரா?

பழையதாள்:
அந்த ஒரு சென்ட் யார் யோசனை? அழைத்த சங்கத்துடையது. ஒரு ரப்பியின் படிப்புக்குத்தான் இன்னொரு ரப்பி சாட்சி சொல்ல முடியும். சம்பளம் எங்கிருந்து வரும் என்பது கூப்பிட்டவர்கள் கவலை. அதை ஸ்பெக்டர் தலையில் கட்டுவது அநியாயம்.

கரிசல்மண்:
நடுவில் ஒன்று. நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மட்டும் சரியாகிவிடுமா? 1935ல் டெல் அவீவ் தலைமை ரப்பி பதவிக்கு ரப்பி ஜோசப் சொலவெய்ச்சிக் போஸ்டனிலிருந்து நேரிலேயே போய்ப் பேசினார். பதவி கிடைத்தது ஆண்ட்வெர்ப் ரப்பி அமியேலுக்கு. ஆளைப் பார்த்தாலும் கட்சி பலம்தான் முடிவு செய்கிறது.

தேன்மொழி_ம:
கரிசல்மண் அண்ணே, சொலவெய்ச்சிக் தோற்றுவிட்டு போஸ்டனுக்குத் திரும்பினார், வாழ்க்கை நின்றுவிடவில்லை. ஜேக்கப் ஜோசப்புக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. வில்னாவிலேயே கடன், அதனால்தான் கப்பல் ஏறினார். சங்கம் சம்பளத்தை நிறுத்தியது, பிறகு சம்பளம் கொடுத்துவந்த கசாப்புக்காரர்களும் 1895ல் கைவிட்டார்கள். பக்கவாதம் வந்து வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து 1902ல் இறந்தார். பழையதாள் சார், பணயம் வைத்தது பெயரை என்கிறீர்கள். ஸ்பெக்டர் பெயருக்கு ஒரு கீறல்கூட விழவில்லையே. முழுக்க இழந்தவர் கடிதத்தில் புகழப்பட்டவர். கடல் கடந்து ஒருவரை அனுப்பும்போது “இவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு?” என்று பதிலுக்குக் கேட்டிருக்க வேண்டாமா? எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

பழையதாள்:
கேட்டிருக்கலாம், நல்ல பதிலே வந்திருக்கும். ஆள் வர வேண்டுமென்று துடித்தவர்கள் எதைத்தான் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்? அவர் இறந்ததும் அதே ஊரில் எந்தச் சபையின் இடுகாட்டில் அடக்கம் என்று போட்டி நடந்தது. விதவைக்குப் பணம் தருகிறோம் என்று பேரம் பேசினார்கள். பல்லாயிரம் பேர் ஊர்வலத்தில் போனார்கள். அந்தப் பணம் 1895லேயே அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். கோவ்னோவிலிருந்து எந்தக் கடிதத்தாலும் அதைச் செய்ய முடியாது. நியூயார்க்கால் முடிந்தது, செய்யவில்லை.