1,500 ரூபாய்க்குள்ள ஆன்லைன் மார்க்கெட்டிங் படிக்க முடியுமா? (கன்னியாகுமரி மாவட்டம்)

ரப்பர்காடு (குலசேகரம்):

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு சந்தேகம். டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிக்கணும். நாகர்கோவில்ல ஒரு சென்டர்ல மூணு மாசக் கோர்ஸுக்கு 28,000 சொல்றாங்க. என்கிட்ட இருக்கிறது மொத்தமே 1,500. ஆண்ட்ராய்டு போனும் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பும் உண்டு.

பழகிப் பாக்க ஒரு பொருளும் இருக்கு. சித்தி வீட்டுல ரப்பர் தோட்டத்துக்குள்ள 40 தேன்பெட்டி. இப்ப எல்லாம் கேன்ல மொத்த வியாபாரிக்குப் போகுது. அரை கிலோ பாட்டில்ல அடைச்சு நேரடியா விக்க முடியுமான்னு பாக்கணும்.

இலவச டூலை மட்டும் வச்சு உருப்படியா படிக்க முடியுமா? எதுல தொடங்கணும்? சர்டிபிகேட்டுக்கு மதிப்பு உண்டா?

ஆரல்காற்று:

சர்டிபிகேட்டை முதல்ல முடிச்சிடுவோம். கூகுளோட பயிற்சித் தளம் ஸ்கில்ஷாப்ல ஆட்ஸ் (விளம்பரம்), அனலிட்டிக்ஸ் (வெப்சைட்டுக்கு வர்றவங்க கணக்கு) ரெண்டுக்கும் பாடமும் இலவசம், தேர்வும் இலவசம். 80 சதவீதம் எடுத்தா பாஸ், ஃபெயிலானா ஒரு நாள் கழிச்சு மறுபடி எழுதலாம், ஒரு வருஷம் செல்லும். மார்க்கெட்டிங் மென்பொருள் கம்பெனி ஹப்ஸ்பாட்டோட அகாடமியும் இலவசம். மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துற கம்பெனி) ப்ளூபிரின்ட்ல பாடம் இலவசம், சர்டிபிகேட் தேர்வுக்குத்தான் காசு. 28,000 கேக்கிற சென்டர்ல கடைசியில கையில தர்றது எந்த சர்டிபிகேட்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. வேலைக்கு எடுக்கிறவர் எப்படியும் "எதை வித்துக் காட்டினே"ன்னுதான் கேப்பார். அதுக்கு உங்ககிட்ட 40 பெட்டி இருக்கு.

தொடங்க வேண்டியது பாடத்துலயும் இல்ல, டூல்லயும் இல்ல. வாங்குறவர் என்ன வார்த்தையைத் தட்டித் தேடுறார்னு பாக்கிறதுல. நாம "தூய்மையான இயற்கைத் தேன்"னு எழுதி வச்சிருப்போம். தேடுறவர் அப்படித் தட்டவே மாட்டார். ஆங்கில எழுத்துல "மார்த்தாண்டம் தேன் ரேட்"னு தட்டுவார், இல்லன்னா "ஒரிஜினல் தேன் எங்கே கிடைக்கும்"னு மைக்ல பேசுவார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குரோம்ல இன்காக்னிட்டோ விண்டோ திறங்க, உங்க பழைய தேடல் வந்து குழப்பாது. "தேன்"னு தட்டி ஒரு இடைவெளி விடுங்க. கீழ விரியுற வரியெல்லாம் கூகுள் ஷீட்ல ஏத்துங்க. அடுத்து "தேன் அ", "தேன் ஆ", "தேன் க"ன்னு எழுத்து எழுத்தாப் போங்க. இதையே ஆங்கில எழுத்துத் தமிழ்ல ஒருதரம், ஆங்கிலத்துல ஒருதரம். எல்லை மாவட்டம்கிறதால மலையாளத்துலயும் ஒருதரம் தட்டிப் பாத்தா நஷ்டமில்ல. ஒரு சாயங்காலத்துல 60, 70 வரி சேரும். பக்கத்துல இன்னொரு செங்குத்து வரிசை போட்டு, தேடுறவர் வாங்க வந்தவரா, தெரிஞ்சுக்க வந்தவரான்னு குறிங்க. "1 கிலோ விலை" வாங்க வந்தது. "தேன் ஏன் உறையுது" தெரிஞ்சுக்க வந்தது.

ரெண்டாவதைச் சின்னதா நினைக்காதீங்க. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். பாட்டில் வாங்கினவர் அடுத்த மாசம் "சீனி கலந்திருக்கு"ன்னு சண்டைக்கு வரப் போறதே இந்த விஷயத்துக்குத்தான்.

ஒரு வார்த்தையை எத்தனை பேர் தேடுறாங்கன்னு பாக்க கூகுள் ஆட்ஸுக்குள்ள இருக்கிற கீவேர்ட் பிளானர். அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. ஆட்ஸ் கணக்கு திறக்கும்போது நேரா விளம்பரம் போட வச்சு கார்டு நம்பர் கேக்கிற பக்கத்துக்கு இழுத்துட்டுப் போகும். கேம்பெய்ன் (விளம்பரம்) இல்லாம கணக்கு மட்டும் திறக்கிற வழி சின்ன எழுத்துல ஓரமா இருக்கான்னு தேடுங்க, இருந்தா அதைப் பிடிங்க. நாணயத்தை இந்திய ரூபாய்னு சரியா வைங்க, பிறகு மாத்த முடியாது. செலவழிக்காத கணக்குக்கு துல்லியமான எண் காட்டாது, "100 முதல் 1,000 வரை"ன்னு வீச்சாத்தான் காட்டும். நமக்கு அது போதும்.

தேடல் கூடுதா குறையுதான்னு காட்டுற கூகுள் டிரெண்ட்ஸ்ல வர்ற 100-ஐப் பாத்து நூறு பேர் தேடினாங்கன்னு நினைச்சிராதீங்க. அந்தக் காலத்துல உச்சமா இருந்த வாரத்தை 100-ன்னு வச்சு மத்ததை அதோட ஒப்பிடுது, அவ்வளவுதான்.

வேளிமலை:

மக்கா, ஆரல்காற்று சொன்ன ஷீட் முடிஞ்சதும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். தனி சிம் போடுங்க. வீட்டு நம்பரையே போட்டா ராத்திரி பத்து மணிக்கு விலை கேட்டு போன் வரும், சித்திதான் எடுக்கணும்.

கேட்டலாக்ல (ஆப்புக்குள்ள இருக்கிற பொருள் பட்டியல்) முதல்ல ரெண்டே பொருள், அரை கிலோ, ஒரு கிலோ. விலையை மறைக்காம எழுதுங்க. "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு போட்டா பாதிப் பேர் திரும்பிப் போயிருவாங்க. குயிக் ரிப்ளைல (முன்னாலயே எழுதி வைக்கிற பதில்) மூணு பதில் ஏத்துங்க: விலையும் டெலிவரியும், உறைஞ்சா என்ன செய்யணும், பணம் அனுப்ப வேண்டிய யுபிஐ. ஆப்புல சாட்டுக்குப் போடுற லேபிள்ல "விசாரிச்சவர்", "பணம் வந்தது", "அனுப்பியாச்சு", "மறுபடி வாங்கினவர்". இந்த நாலு லேபிள்தான் பெரிய கம்பெனிக்காரங்க காசு கொடுத்து வாங்குற சிஆர்எம் (வாடிக்கையாளர் கணக்கு வைக்கிற) மென்பொருளோட சாரம்.

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புற பிராட்காஸ்ட்ல ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்க நம்பரை சேவ் பண்ணினவருக்குத்தான் போய்ச் சேரும். "அனுப்பினேன், யாருக்கும் வரல"ன்னு புலம்புறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். அதனால முதல் பாட்டில் கையில கொடுக்கும்போதே நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்க. நம்பர் லிஸ்ட் விலைக்குத் தர்றோம்னு ஆள் வரும், வாங்கிராதீங்க. நாலு பேர் ஸ்பாம்னு அமுக்கினாலே நம்பர் பிளாக் ஆகும் நிலை வந்திரும், கேட்டலாக்கும் சாட்டும் அதோட போச்சு.

அடுத்து கூகுள் பிசினஸ் புரொஃபைல், கூகுள் தேடல்லயும் மேப்லயும் நம்ம வியாபாரம் தெரியுற பக்கம். இலவசம்தான், ஆனா விதி கறார். கூரியர்ல மட்டும் அனுப்புற வியாபாரத்துக்கு இது கிடையாது. வாங்குறவரை நேர்ல பாக்கணும்: அவர் உங்க இடத்துக்கு வரணும், இல்ல நீங்க அவர் வீட்டுக்குக் கொண்டு போகணும். குலசேகரம், திற்பரப்பு, மார்த்தாண்டம், தக்கலைன்னு நேர்ல டெலிவரி கொடுத்தா "சேவைப் பகுதி" வகையில பதியலாம். வீட்டு முகவரியை மறைச்சிடலாம். 20 பகுதி வரைக்கும் சேக்கலாம், அதுக்காக சென்னையை எல்லாம் போடாதீங்க. ரெண்டு மணி நேர வண்டி தூரத்துக்குள்ள வைங்க.

பேர் எழுதுறதுல கவனம். பலகையில என்ன பேரோ அதுதான். "பேர் + சுத்தமான தேன் + குறைந்த விலை + மார்த்தாண்டம்"னு நீட்டினா ஒரு நாள் சஸ்பெண்ட் ஆகும். சரிபார்ப்புக்கு இப்ப அதிகமா வீடியோதான் கேக்குறாங்க. வெட்டி ஒட்டாம ஒரே ஓட்டமா எடுக்கணும், குறைஞ்சது 30 விநாடி. ரோட்டுல ஊர்ப் பலகையில தொடங்கி, வீட்டு வாசல், தேன்பெட்டி, தேன் எடுக்கிற மெஷின், லேபிள் ஒட்டின பாட்டில், பேர் உள்ள ஒரு பில்னு நடந்துகிட்டே காட்டுங்க. ஆள் முகம் வேண்டாம், ஆதார் கார்டு வேண்டவே வேண்டாம். தோட்டத்துக்குள்ள நெட் நின்னுபோய் அப்லோடு பாதியில கவுந்தா முதல்ல இருந்து எடுக்கணும், முன்னாலயே சிக்னல் பாத்துக்குங்க.

ரிவ்யூவுக்கு கால் கிலோ இலவசம்னு சொல்லாதீங்க, அது விதிமீறல். புரொஃபைல்ல வர்ற ரிவ்யூ லிங்கை கியூஆர் ஆக்கி பாட்டில் மூடி ஓரத்துல ஒட்டினா போதும்.

ரப்பர்காடு:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம் கூட. லேபிள் அடிச்ச கடையில கொடுத்த தமிழ் வாசகத்தை அப்படியே காப்பி பண்ணி கேட்டலாக்ல போட்டா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது, என்ன கோளாறு? வெப்சைட் காசு கொடுக்காம செய்ய முடியுமா?

மட்டிப்பழம்:

அது பாமினி. நம்ம ஊர் அச்சகங்கள்ல பாதி இன்னும் பாமினி எழுத்துருலதான் ஓடுது. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் வடிவம் போத்தின மாதிரி அது. எழுத்துரு இல்லாத இடத்துல போர்வை விலகிரும், கூகுளுக்கும் அது தமிழ்னே தெரியாது. பாமினியை யூனிகோடுக்கு (எல்லா போன்லயும் தமிழாவே தெரியுற பொது முறை) மாத்துற பக்கம் இலவசமா நிறைய உண்டு. மாத்தினதும் ஒற்றெழுத்தையும் ஸ்ரீ, க்ஷ-வையும் ஒருதரம் கண்ணால சரிபாருங்க, அங்கதான் பிசகும். கேன்வாவுல போஸ்டர் செய்யும்போது காட்டமரான், முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி யூனிகோடு எழுத்துரு எடுங்க. சிலதுல "கொ", "கோ" கொம்பு தனியாப் பிரிஞ்சு நிக்கும், அதை விட்டிடுங்க.

வெப்சைட்டுக்கு கூகுளோட பிளாக்கர் போதும். ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற இடம்) காசு இல்ல. டொமைன் (சொந்த இணைய முகவரி) வேணும்னா மட்டும் வாங்குங்க, ஆனா முதல் வருஷ விலையைப் பாக்காதீங்க, புதுப்பிக்கிற விலையைப் பாருங்க. முதல் வருஷம் சல்லிசாக் கொடுத்து ரெண்டாவது வருஷம் பிடுங்குவாங்க.

பிளாக்கர்ல தமிழ்ல எழுதுறவங்க எல்லாரும் தவற விடுற ஒண்ணு இருக்கு. தலைப்பு தமிழ்ல இருந்தா பக்க முகவரியை அது தானா "பிளாக் போஸ்ட்"னு அர்த்தமில்லாம வச்சிரும். பப்ளிஷ் அமுக்குறதுக்கு முன்னால வலது பக்கம் பெர்மாலிங்க்ல போய் நாமளே ஆங்கில எழுத்துல சுருக்கமா "ரப்பர் ஹனி கிறிஸ்டல்" மாதிரி கொடுக்கணும், வார்த்தைக்கு நடுவுல சின்னக் கோடு. பப்ளிஷ் ஆன பிறகு மாத்தினா பழைய லிங்க் செத்துப் போகும்.

பக்கம் ஐந்து போதும். விலையும் டெலிவரியும் ஒண்ணு. பெட்டியில இருந்து பாட்டில் வரைக்கும் எப்படி எடுக்கிறோம்னு படத்தோட ஒண்ணு. மீதி மூணும் உங்க ஷீட்ல அதிகம் வந்த கேள்விக்கு ஒவ்வொண்ணு. உறையுற தேனுக்கு 40 டிகிரி வாக்குல வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை நிக்க வச்சு, அடியில இருந்து மேல கரையுறதை போன்ல டைம்லாப்ஸா எடுத்து அந்தப் பக்கத்துல போடுங்க. அதையே குறுக்கி ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கொதிக்கிற தண்ணியில வச்சு எடுத்துராதீங்க, தெரிஞ்சவங்க கமென்ட்ல கிழிச்சிருவாங்க. படத்தை அப்படியே 4 எம்பியில ஏத்தாதீங்க, ஸ்கூஷ்னு ஒரு இலவசப் பக்கம் உண்டு, அகலம் 1,200 பிக்சலுக்குக் குறைச்சா 150 கேபிக்குள்ள வந்திரும்.

பிறகு கூகுள் தேடல்ல சைட் எப்படி வருதுன்னு காட்டுற சர்ச் கன்சோல்ல சைட்டைச் சேத்து சைட்மேப் (பக்கங்களோட பட்டியல்) கொடுங்க. "ரீடைரக்ட் உள்ள பக்கம்"னு பட்டியல் காட்டும். முகவரி வால்ல "எம்=1"னு வர்ற மொபைல் லிங்க் எல்லாம் அதுல வந்து விழும், பதற வேண்டாம். முதல் சில வாரம் எண் பூஜ்யத்துலதான் நிக்கும். பிறகு "பெர்ஃபாமன்ஸ்" பக்கத்துல காட்சி (தேடல்ல கண்ணுல பட்ட தடவை) நிறைய, கிளிக் கம்மின்னு எந்தத் தேடல் வருதோ, அந்தப் பக்கத்துத் தலைப்பை தேடினவர் வார்த்தையிலேயே திருத்துங்க. இந்த ஒரு வேலையை மாசம் ஒருதரம் செஞ்சாலே எஸ்இஓ-வில (தேடல்ல பக்கத்தை மேல கொண்டு வர்ற வேலை) பாதி கைக்கு வந்திரும்.

அனலிட்டிக்ஸ் கணக்கு திறந்த அன்னைக்கே டேட்டா ரிடென்ஷனை (விவரத்தை வச்சிருக்கிற காலம்) 2 மாசத்துல இருந்து 14 மாசமா மாத்துங்க. மாத்தாம விட்டா எக்ஸ்புளோர் பகுதியில போன சீசனோட ஒப்பிட ஒண்ணும் மிஞ்சாது. வாட்ஸ்அப் பட்டனை எத்தனை பேர் அமுக்கினாங்கன்னு பாக்க புரோகிராம் எழுத வேண்டாம், வெளி லிங்க் கிளிக்கை அதுவே எண்ணும்.

தேங்காப்பட்டணம்:

எல்லாம் சரிதான், ஆனா முதல் மாசமே வெப்சைட் வேண்டாம்ங்கிறது என் கட்சி. அஞ்சு பக்கம் எழுதி ரேங்க் வர்றதுக்குள்ள தேன் சீசன் போயிரும். வாட்ஸ்அப்ல முதல் 30 பாட்டில் போகட்டும், அவங்க கேக்கிற கேள்வியே பக்கமா மாறட்டும்.

1,500-ல 100 ரூபாயை எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுக்கு எடுத்து வைங்க, சிறு உற்பத்தியாளருக்கு ஆண்டுக் கட்டணம் அவ்வளவுதான். 14 இலக்க எண் இல்லாம லேபிள் அடிச்சா மறுபடி அடிக்க வேண்டியதுதான். "சர்க்கரை நோய் தீரும்"னு போஸ்டர்ல ஒரு வரிகூட வேண்டாம், 1954-ம் வருஷத்து மருந்து, மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டத்துல நேரா மாட்டும். மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு இருக்குன்னு அந்த லோகோவை எடுத்து ஒட்டிராதீங்க, அங்கீகரிக்கப்பட்ட பயனராப் பதிஞ்சவங்கதான் போடலாம்.

மீதிக் காசுல மெட்டா விளம்பரம் பழகணும்னா, முதல்ல ஆட் லைப்ரரியில போய் மத்த தேன்காரங்க இப்ப ஓட்டுற விளம்பரத்தைப் பாருங்க, அது இலவசம். பூஸ்ட் பட்டனை அமுக்காம ஆட்ஸ் மேனேஜர்ல மெசேஜ் இலக்கா வச்சுப் போடுங்க. இடம் குறிக்கிறதுலதான் நம்ம மாவட்டக்காரங்க காசு தண்ணியாப் போகுது. மார்த்தாண்டத்துல பின் குத்தி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டா ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம். பெரிய ஊர்ங்கிறதால பட்ஜெட்டை அதுதான் தின்னும். திருவனந்தபுரத்தை எக்ஸ்க்ளூட்ல தனியாக் குத்தி விலக்குங்க. அங்கயும் விக்கலாமேன்னு தோணும். வரி உள்ள சரக்கை மாநிலம் தாண்டி வித்தா விற்றுமுதல் சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கேக்கும், ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிட்டு அப்புறம் போங்க.

ரப்பர்காடு:

சரி, வாட்ஸ்அப் முதல்ல. ஆனா ஆர்டர் ரீல்ஸ்ல இருந்து வந்ததா, கூகுள்ல இருந்து வந்ததான்னு எப்படித் தெரியும்?

வேளிமலை:

அமுக்கினா நேரா உங்க சாட் திறக்கிற வாட்ஸ்அப் லிங்க் உண்டு, அதோட வால்ல செய்தியையும் சேத்து வைக்கலாம். நம்பருக்கு முன்னால 91 மட்டும் போடணும், பிளஸ்ஸோ பூஜ்யமோ போடாதீங்க. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வார்த்தை: ரீல்ஸ் பயோவுல "தேன்1", கூகுள் புரொஃபைல்ல "தேன்2", பாட்டில்ல ரிவ்யூ கியூஆர் தவிர தனியா ஒட்டுற வாட்ஸ்அப் கியூஆர்ல "தேன்3". வார்த்தைக்கு நடுவுல இடைவெளி விடாதீங்க, சில போன்ல லிங்க் அறுந்துரும். வந்த முதல் செய்தியைப் பாத்தாலே ஆள் எந்த வழியா வந்தார்னு தெரியும். அழிச்சிட்டு "ஹாய்"னு மட்டும் அனுப்புறவரும் உண்டு, அவரை நேராக் கேட்டுருங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷீட்ல நாலு எண்: எத்தனை விசாரணை, எத்தனை பணம், எந்த வார்த்தை, விளம்பரத்துக்கு எவ்வளவு போச்சு. தேன்3 கூடிக்கிட்டே வந்தா வாங்கினவரே மறுபடி வர்றார்னு அர்த்தம், அந்த மாசம் விளம்பரக் காசை நிறுத்தி வைங்க.