அயோடினில் கறுக்கும் மகரந்தம்: முதிராததா, செத்ததா?

தளிர்:
ஆலிவ் மொட்டைப் பிரித்து எடுத்த மகரந்தம், மாவுச்சத்தைக் காட்டும் அயோடினில் கருநீலமாகிறது, ஆனால் முளைப்பதில்லை. மகரந்தப்பை வெடித்தபின் எடுத்தது நிறமே மாறுவதில்லை. சேமித்த சத்து தீர்ந்துவிட்டதா? வெடித்தபின் எடுத்த அதையே சிலிக்கா ஜெல்லில் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) உலர்த்தி, 4 டிகிரி செல்சியஸில் வைத்து, எடுத்த கையோடு முளைப்பு ஊடகத்தில் (மகரந்தத்தை முளைக்கவைக்கும் கரைசல்) போட்டால் பாதிக்கு மேல் வெடித்துப்போகிறது.

மரவியல்:
தீரவில்லை, உருமாறியிருக்கிறது. நுண்வித்துகள் (மகரந்தமாக மாறும் இளம் செல்கள்) வளரும்போது டேபீட்டம் (மகரந்தப்பையின் உட்புற ஊட்டத் திசு) வழியாக வரும் சர்க்கரை உள்ளே மாவுச்சத்தாகச் சேரும். பை வெடிக்கும் முன் அது உடைந்து கரையும் சர்க்கரையாகிவிடும். முதிர்ந்த ஆலிவ் மகரந்தத்தின் சேமிப்பில் பெரும்பங்கு எண்ணெய்த் துளிகள். நீர் வற்றும்போது செல் சவ்வைத் தாங்குவது சுக்ரோஸும் (சர்க்கரை) புரோலினும் (ஓர் அமினோ அமிலம்). மொட்டில் எடுத்ததற்கு இந்தக் கவசம் இன்னும் அமையவில்லை, அதை உலர்த்தினால் சாகும்.

கூம்பு:
இதை எல்லா மரத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். பைன் மகரந்தம் மாவுச்சத்தோடுதான் உதிரும். தவிர, செத்த மகரந்தத்திலும் மாவுச்சத்து இருந்தால் கறுக்கத்தான் செய்யும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஃப்ளோரசீன் டைஅசிடேட் என்ற சாயப்பொருள் போடுங்கள்: எஸ்டரேஸ் நொதி வேலை செய்து, சவ்வும் ஓட்டையில்லாமல் இருந்தால் மட்டுமே பச்சையாக ஒளிரும்.

நுண்குழல்:
வெடிப்புக்கு வருகிறேன். உலர்ந்து குளிர்ந்த மகரந்தத்தில் சவ்வின் கொழுப்பு இறுகிப்போயிருக்கும். அந்த நிலையில் தண்ணீர் பட்டால் சவ்வு நெகிழ்வதற்குள் பொட்டாசியமும் சர்க்கரையும் வெளியே கசிந்துவிடும். எனவே முதலில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஈர வடிதாள் வைத்த மூடிய டப்பாவில், தாளில் படாமல், 30 முதல் 60 நிமிடம் வையுங்கள். ஊடகமும் 25 டிகிரியில் இருக்கட்டும்.

ஊடகம், புரூபேக்கர், குவாக் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-இல் வெளியிட்டது: லிட்டருக்கு போரிக் அமிலம் 100 மி.கி., கால்சியம் நைட்ரேட் 300, மெக்னீசியம் சல்ஃபேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100. சுக்ரோஸ் 10 சதவீதத்தில் தொடங்கி 15 வரை போய்ப் பாருங்கள்.

எங்கே வெடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். மகரந்த மணியே நனைந்த சில நிமிடத்தில் வெடித்தால் உலர்வையும் சர்க்கரை அளவையும் சந்தேகியுங்கள். முளைத்த மகரந்தக் குழல் நீண்டபின் நுனி வெடித்தால் போரானையும் கால்சியத்தையும் சோதியுங்கள். நுனியின் பெக்டின் சுவரை இறுக்கிப் பிடிப்பவை அவை. மகரந்தத்தை மிக ஐதாகத் தூவினாலும் முளைப்பு குறையும். கால்சியம் சேர்த்தால் அது பெருமளவு சரியாகும் என்று காட்டியதே அந்த 1963 ஆய்வுதான்.

தளிர்:
ஈர டப்பாவில் இரவு முழுக்க விட்டால்?

நுண்குழல்:
வேண்டாம். ஈரம் ஏறியதும் சுவாசம் தொடங்கிவிடும்; முளைக்க வேண்டிய சர்க்கரை அங்கேயே எரிந்துபோகும். மணிகள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.