சாசிக்காயாவை அருந்திய அனுபவங்கள்

தெனுத்தா சான் குயிதோ பண்ணையின் சாசிக்காயா ஒயினை அது விளையும் மண்ணிலேயே அருந்த வேண்டும் என்ற என் நெடுநாள் ஆசை, இத்தாலியின் டஸ்கனிக் கடலோரத்தில் மேற்கொண்ட ஓர் இலையுதிர்காலப் பயணத்தில் நிறைவேறியது. சான் குயிதோ சிற்றாலயத்திலிருந்து போல்கெரி ஊர் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் நேர்ச்சாலையில் சென்று, ஊருக்குள் கிளாஸ் கணக்கில் ஊற்றித் தரும் ஒயின் கடை ஒன்றில் அமர்ந்தோம். கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் விளைந்ததையும், ஏறத்தாழ இருபது ஆண்டு பழையதையும் அருகருகே வைத்தார். இளையது கறுத்த செந்நிறத்தில், கருந்திராட்சை வாசனையும் ஓக் மரத்தின் மணமுமாக இருந்தாலும், இளம் நெல்லிக்காயைக் கடித்ததுபோல் நாக்கைப் பிடித்துக்கொண்டது. பழையதில் அந்தத் துவர்ப்பு முழுவதும் கரைந்து, புகையிலை, காய்ந்த மூலிகை, ஈர மண் ஆகியவற்றின் மணம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது.

இந்த ஒயின் பிறந்த கதையும் காத்திருப்பின் கதைதான். மார்க்கேஸே என்ற பிரபுப் பட்டம் கொண்ட மாரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா, பிரான்சின் போர்தோ ஒயின்களில் ஈடுபாடு கொண்டவர். போல்கெரியின் கற்கள் நிறைந்த நிலம் போர்தோவின் கிராவ் பகுதியை ஒத்திருப்பதைக் கண்டு, 1944-இல் போர்தோவின் திராட்சை வகையான காபர்னே கொடிகளை நட்டார். சாஞ்சோவேசேயே டஸ்கனியின் திராட்சை என்றிருந்த காலத்தில், அதுவும் நல்ல சிவப்பு ஒயினுக்குக் கடற்காற்று ஆகாது என்று பலரும் நம்பிய பகுதியில், அது பெருந்துணிவு. முதலில் கிடைத்த ஒயின், இளமையிலேயே குடிக்கும் மென்மையான ஒயின்களுக்குப் பழகியிருந்த சுற்றுவட்டாரத்தாருக்குக் கரடுமுரடாகவே பட்டது. இருபது ஆண்டு காலம் அது குடும்பத்தின் மேசையைத் தாண்டவில்லை. கிடங்கில் கிடந்த பழைய குப்பிகள் ஆண்டுதோறும் மெருகேறி வந்ததைக் கண்ட பிறகே, 1968-ஆம் ஆண்டின் விளைச்சல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் உருவாக்கத்துக்கு ஒயின் தயாரிப்பு வல்லுநர் ஜாக்கோமோ தாக்கிஸின் கைத்திறனும், விற்பனைக்கு ஒயின் தொழிலில் இருந்த அந்தினோரி குடும்பத்தின் வலிமையும் துணைநின்றன. இந்த வரலாற்றை அறிந்திருந்தும், அந்த இரு கிளாஸ்களை நாவால் ஒப்பிட்ட பிறகுதான் மாரியோவின் பொறுமை எவ்வளவு பெரியது என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

*

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்க விரும்புகிறேன். மிலானில் ஒரு குடும்ப விருந்தில் 1988-ஆம் ஆண்டுக் குப்பி ஒன்றைத் திறந்தார்கள். நீல வட்டத்துக்குள் பொன்னிற நட்சத்திரம் பொறித்த அந்தப் புகழ்பெற்ற லேபிளில், எளிய மேசை ஒயின்களுக்குரிய 'வினோ த தாவோலா' என்ற சொற்கள் இருந்தது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 1983-இல் போல்கெரிக்கு டிஓசி என்ற, ஒயினின் பிறப்பிடத்தைச் சட்டப்படி உறுதிசெய்யும் தகுதி வழங்கப்பட்டபோது, அது வெள்ளை ஒயினுக்கும் இளஞ்சிவப்பான ரோஸே ஒயினுக்கும் மட்டுமே பொருந்தியது; சிவப்பு ஒயினான சாசிக்காயாவுக்கு அதில் இடமில்லை. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1978-இல், லண்டனில் டிகான்டர் என்ற ஒயின் இதழ் 11 நாடுகளின் 33 காபர்னே ஒயின்களைச் சோதித்தபோது முதலிடம் பெற்றது 1972-ஆம் ஆண்டுச் சாசிக்காயாதான். சாசிக்காயாவுக்குச் சட்டத்தின் அங்கீகாரம் 1994-இல்தான் வந்தது. 2013 முதல் போல்கெரி சாசிக்காயா என்ற தனி டிஓசி அந்த ஒரே பண்ணைக்கு உரியதாக விளங்குகிறது. அன்றைய விருந்தில் அந்த ஒயின் தோல் மணமும் புதினாவின் குளிர்ச்சியுமாக நெடுநேரம் நாவில் நின்றது. குப்பியைத் திறந்த பெரியவர் முதல் கிளாஸைத் தொடவே எங்களை அனுமதிக்கவில்லை. ஒரு மணி நேரம் காற்றுப்படட்டும் என்றார். அவர் செய்தது முற்றிலும் சரி.

*

சாசிக்காயாவின் விலை பலருக்கும் எட்டாதது. அதே பண்ணை 2000-ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து குயிதால்பெர்த்தோ என்ற ஒயினையும் தயாரிக்கிறது. காபர்னே சோவிஞோன் திராட்சையுடன் மெர்லோ திராட்சையும் சேர்வதால் சதைப்பற்றும் மென்மையும் கூடி, சில ஆண்டுகளிலேயே குடிக்கத் தக்கதாகிறது. ஆட்டிறைச்சி வறுவலோடு அருந்தினேன். இறைச்சியின் கொழுப்பும் ஒயினின் துவர்ப்பும் நன்கு இணங்கின. மேலே விவரிக்கப்பட்ட பழைய குப்பிகளின் ஆழம் இதில் இல்லை. ஆயினும் கடலோரக் காட்டு மூலிகையின் அந்த வாசனை இதிலும் தெளிவாக இருந்தது. அந்தப் பண்ணையின் ஒயின்களை முதன்முறையாக அறிய விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம்.