தமனிச் சுவர் தடித்தால் வலுப்பெறத்தானே வேண்டும்? உயர் இரத்த அழுத்தம் பற்றி ஓர் ஐயம்

இளவேனில்

வணக்கம். உடலியல் பாடத்தில் இரத்த ஓட்டம் பற்றிய பகுதியைப் படித்து வருகிறேன். இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் தமனிகளின் சுவர் தடித்துவிடும் என்று பாடநூல் சொல்கிறது. சில பக்கங்கள் கழித்து, மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்துக் கசிவு ஏற்படுவதற்கு முதன்மையான காரணம் இதே உயர் அழுத்தம்தான் என்கிறது. தடித்த சுவர் வலுவானதாகத்தானே இருக்க வேண்டும்? பிறகு ஏன் வெடிக்கிறது?

இன்னொரு ஐயமும் உண்டு. உயர் அழுத்தத்தில் பெரிய தமனிகள் விறைத்துப்போகின்றன, சிறியவை உட்புறம் குறுகுகின்றன என்கிறார்கள். ஒரே அழுத்தம் இரண்டிடங்களில் இருவேறு விளைவுகளை உண்டாக்குவது எப்படி? மருந்தால் அழுத்தத்தைச் சீராக்கிய பிறகு இந்த மாற்றங்கள் மறையுமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மருதன்

முதலில் சிறிய தமனிகளைப் பார்ப்போம். அவற்றின் கதை புரிந்தால் மற்றவை எளிதாகிவிடும்.

குழாய்ச் சுவரின் ஒவ்வோர் அலகுப் பரப்பும் தாங்கவேண்டிய இழுவிசை மூன்றைப் பொறுத்தது: உள்ளே இருக்கும் அழுத்தம், குழாயின் ஆரம், சுவரின் தடிப்பு. அழுத்தமும் ஆரமும் கூடினால் இழுவிசை கூடும்; தடிப்பு கூடினால் குறையும். இதை லப்லாஸ் விதி என்பார்கள். அழுத்தம் உயர்ந்துவிட்ட நிலையில் சுவரைக் காப்பாற்ற உடலுக்கு இரண்டு வழிகளே உள்ளன: ஆரத்தைக் குறைப்பது, சுவரைத் தடிக்கவைப்பது. சிறிய தமனி இரண்டையும் செய்கிறது. சுவரின் நடு அடுக்கில் உள்ள மென்தசைச் செல்கள், இழுக்கப்பட்டால் சுருங்கும் இயல்புடையவை. அழுத்தம் பல மாதங்கள் உயர்ந்தே இருக்கும்போது அவை சுருங்கிய நிலையிலேயே நீடிக்கின்றன. நாளடைவில் அந்த நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அமைந்து, சுற்றியுள்ள நார்ப்பொருளால் பிணைக்கப்பட்டுவிடுகின்றன. சாதாரண உயர் அழுத்தத்தில் பெரும்பாலும் சுவரின் மொத்தப் பொருள் கூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருக்கும் பொருளே சிறிய துளையைச் சுற்றி மறுபடி அடுக்கப்படுகிறது. அதனால்தான் சுவர் தடித்தும் துளை குறுகியும் தெரிகிறது. அழுத்தம் மிகக் கடுமையாக இருக்கும்போதும், சில ஹார்மோன் கோளாறுகளால் அழுத்தம் உயரும்போதும் செல்கள் உண்மையாகவே பருத்து, சுவரின் பொருளும் கூடுகிறது.

இதுவரை நீங்கள் சொல்வது சரிதான். இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் இதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. குழாயில் ஓட்டத்துக்கு உள்ள தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தால் தடை ஏறத்தாழ 52 விழுக்காடு உயர்ந்துவிடும். உடலின் மொத்தத் தடையில் பெரும்பங்கு இந்தச் சிறிய தமனிகளிலும் நுண்தமனிகளிலும்தான் இருக்கிறது என்பதால், அழுத்தத்தைத் தாங்குவதற்காக நிகழ்ந்த மாற்றமே அழுத்தத்தை நிலைநிறுத்தும் காரணமாகிவிடுகிறது. சுவீடன் நாட்டு உடலியலாளர் பியோர்ன் ஃபோல்கோவ் 1950களில் இதைத் தெளிவாகக் காட்டினார். உயர் அழுத்தம் உள்ளவர்களின் முன்கை இரத்தக்குழாய்களைத் தசை முற்றிலும் தளரும் அளவுக்கு விரியச் செய்தபோதும், அவற்றின் தடை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே தசை இறுக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. குழாயின் அமைப்பே மாறியிருக்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தடித்த சுவரில் தசை அதே அளவு சுருங்கினாலும் உட்புறம் தள்ளப்படும் பொருள் கூடுதல் என்பதால், துளை முன்பைவிட அதிகமாகக் குறுகும். அச்சமோ குளிரோ தரும் சிறு தூண்டுதலுக்கும் அழுத்தம் பெரிதாக எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதிரொளி

மருதன் அமைப்பை விளக்கிவிட்டார். செயலில் ஏற்படும் மாற்றத்தை நான் சேர்க்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் படம் பாதியில் நின்றுவிடும்.

இரத்தக்குழாயின் உட்புறம் முழுவதையும் ஒற்றைச் செல் அடுக்கு ஒன்று போர்த்தியிருக்கிறது. இதை எண்டோதீலியம் என்கிறோம். நெடுங்காலம் இதை வெறும் உறையாகவே கருதி வந்தார்கள். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் இந்த உள்ளடுக்கு சிதையாமல் இருந்தால் மட்டுமே, நரம்புகள் வெளிவிடும் வேதிப்பொருளான அசெட்டைல்கோலின் அத்துண்டுகளைத் தளர்த்துகிறது என்றும், அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டால் தளர்வு நிகழ்வதில்லை என்றும் காட்டினார். உள்ளடுக்கிலிருந்து தசைக்குச் செல்லும் அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெரியவந்தது. இந்தப் பணிக்காக அவருக்கும் லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

உயர் அழுத்தத்தில் இந்தச் செய்தித் தொடர்பு குன்றிவிடுகிறது. அத்தகையவர்களின் முன்கைத் தமனியில் அசெட்டைல்கோலினைச் செலுத்தினால் இரத்த ஓட்டம் எதிர்பார்த்த அளவு கூடுவதில்லை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடை நேரடியாக வெளிவிடும் நைட்ரோபுருசைடைச் செலுத்தினால் குழாய் பெரும்பாலும் இயல்பாகவே விரிகிறது. தசையால் தளர முடிகிறது, தளரச் சொல்லும் செய்திதான் வந்து சேரவில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். இரத்தக்குழாயைச் சுருக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் 2 போன்றவற்றின் தூண்டலால் சுவரில் சூப்பராக்சைடு என்னும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவம் மிகுதியாக உருவாகி, நைட்ரிக் ஆக்சைடு தசையை அடையும் முன்பே அதனுடன் வினைபுரிந்து அழித்துவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குழாயை விரிப்பது மட்டுமன்றி, இரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதையும், வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுவதையும், மென்தசை பெருகுவதையும் தடுத்து வைப்பதால், அது குறையும்போது கொழுப்புப் படிவுக்கும் இரத்த உறைவுக்கும் வழி திறந்துவிடுகிறது. உயர் அழுத்தம் மாரடைப்புக்கும் காரணமாவது இந்த வழியில்தான் பெரும்பாலும் நிகழ்கிறது என்பதே என் கருத்து.

இளவேனில்

இருவருக்கும் நன்றி. இடையில் ஒரு கேள்வி. இந்த மாற்றங்களை உண்டாக்குவது அழுத்தம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? ஆஞ்சியோடென்சின் போன்ற ஹார்மோன்கள் இரத்தத்தில் எங்கும் பரவியிருப்பவை. அவையே நேரடிக் காரணமாக இருக்கலாமே?

மருதன்

நியாயமான கேள்வி. இயற்கையே செய்துகாட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே பெருந்தமனி மார்புப் பகுதியில் ஓரிடத்தில் இறுகியிருக்கும். இறுக்கத்துக்கு மேலே தலைக்கும் கைகளுக்கும் செல்லும் தமனிகளில் அழுத்தம் மிகுதி. கீழே கால்களில் குறைவு. இரண்டு பகுதிகளிலும் ஓடுவது ஒரே இரத்தம், அதிலுள்ள ஹார்மோன்களும் ஒன்றே. ஆயினும் சுவர் மாற்றங்கள் மேற்பகுதியில்தான் மிகுதியாகக் காணப்படுகின்றன. சிறுநீரகத் தமனி ஒரு பக்கம் மட்டும் அடைபட்டு, அதனால் அழுத்தம் உயரும்போதும் இதுவே நிகழ்கிறது: அடைப்புக்குப் பின்னால் உள்ள சிறுநீரகத்தின் நுண்தமனிகள் அழுத்தத்தின் தாக்குதலிலிருந்து தப்பிவிட, எதிர்ப்பக்கத்துச் சிறுநீரகம் சேதமடைகிறது. காலிலிருந்து எடுத்து இதயத் தமனிக்கு மாற்றுப்பாதையாகத் தைக்கப்படும் சிரையும், தமனியின் அழுத்தத்துக்கு ஆட்பட்டதும் தடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதனால் ஹார்மோன்களுக்குப் பங்கில்லை என்று ஆகாது. உயர் அழுத்தம் உள்ள பெற்றோரின் பிள்ளைகள் சிலரிடம், அவர்களுடைய அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே எண்டோதீலியத்தின் செயல் குன்றியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே காரணமும் விளைவும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்று கொள்வதே பொருத்தம்.

நுண்ணோக்கி

மீதமிருக்கும் பெரிய தமனிகள் பற்றியும் வெடிப்பு பற்றியும் நான் எழுதுகிறேன்.

பெருந்தமனியின் வேலை வேறு. இதயம் இரத்தத்தை விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது. பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து, பிறகு சுருங்கி, அந்த ஓட்டத்தைச் சீராக்குகிறது. இதற்கு வேண்டிய மீள்தன்மையைத் தருவது எலாஸ்டின் தகடுகள். எலாஸ்டின் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாவது. அதன்பின் மிகக் குறைவாகவே புதுப்பிக்கப்படுகிறது. இதயம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடித் தடவைக்கும் மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இயல்பைவிடக் கூடுதலாக இழுபடும் தகடுகள் மெல்ல மெல்ல முறிகின்றன. அவை தாங்கிய சுமை, பல நூறு மடங்கு விறைப்பான கொலாஜன் இழைகளுக்கு மாறுகிறது. பெரிய தமனிகள் விரிந்தும் விறைத்தும் போவது இதனால்தான். சிறிய தமனிகளில் தசை மேலோங்கியிருப்பதால் அவை சுருங்கி எதிர்வினை காட்டுகின்றன. பெருந்தமனியில் மீள்பொருள் மேலோங்கியிருப்பதால் அது தேய்ந்துபோகிறது. உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை இதுவே.

விறைத்த தமனியில் நாடி அலை விரைவாகப் பயணிக்கும். இளம் வயதில் நொடிக்கு 5 அல்லது 6 மீட்டராக இருப்பது 10 மீட்டரைத் தாண்டக்கூடும். அப்போது, தமனிகள் கிளைத்துக் குறுகும் இடங்களில் மோதித் திரும்பும் அலை, இதயம் இன்னும் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து சேர்ந்து மேல் அழுத்தத்தை உயர்த்துகிறது. இதயம் தளரும் நேரத்தில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாததால் கீழ் அழுத்தம் தாழ்கிறது. முதியவர்களிடம் 160/70 போன்ற அளவுகளைக் காண்பது இதனால்தான். இதயத் தசைக்கே உரிய இரத்தம் பெரும்பாலும் அந்தத் தளரும் நேரத்தில்தான் கிடைக்கிறது என்பதை நினைத்தால், கீழ் அழுத்தம் தாழ்வதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது புரியும்.

இனி வெடிப்பு. மூளையின் ஆழப் பகுதிகளுக்குச் செல்லும் ஊடுருவு தமனிகள் மிக மெல்லியவை. ஆனால் பெரிய தமனியிலிருந்து நேரடியாகக் கிளைப்பதால், அழுத்தம் படிப்படியாகக் குறைய வாய்ப்பின்றி அவற்றை அடைகிறது. தொடக்கத்தில் அங்கும் தசை தடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தசைச்செல்கள் மடிகின்றன. அவற்றின் இடத்தில் கொலாஜனும், இரத்தத்திலிருந்து சுவருக்குள் கசிந்த புரதங்களும் நிரம்புகின்றன. திசு வெட்டில் பார்த்தால் சுவர் இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் ஒரே சீராக, தடித்துத் தெரியும். ஆனால் அந்தத் தடிப்பில் உயிருள்ள தசை அருகிவிட்டது. சுருங்கி எதிர்க்கும் திறன் போய்விட்டது. நீங்கள் தடிப்பையும் வலுவையும் ஒன்றாகக் கொண்டதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதே நோய் ஓரிடத்தில் துளையை அடைத்துச் சிறு மூளைத்திசு இறப்பையும், இன்னோரிடத்தில் சுவரைக் கிழித்துக் கசிவையும் உண்டாக்குகிறது. சிறுநீரகத்திலும் கண்ணின் விழித்திரையிலும் இதே வகைச் சேதம் உண்டு. விழித்திரையில் தமனி, சிரையைக் கடக்கும் இடத்தில் அதை அழுத்துவதைக் கண்மருத்துவர் நேரிலேயே பார்க்க முடியும்.

மாற்றங்கள் மறையுமா என்றால், இடத்தைப் பொறுத்தது. சிறிய தமனிகளின் மறு அமைவு ஓரளவு திரும்பக்கூடியது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பிறகு தோலடித் திசுவிலிருந்து எடுத்த தமனிகளை அளந்து இதை உறுதிசெய்திருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுக்கும் லோசார்டான் என்ற மருந்தும், இதயத்துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால் என்ற மருந்தும் அழுத்தத்தை ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தபோதும், சுவரின் அமைப்பு சீரானது லோசார்டான் பெற்றவர்களிடம்தான். முறிந்த எலாஸ்டின் மீளாது. இருப்பினும் விறைப்பின் ஒரு பகுதி அப்போதைய அழுத்தத்தைப் பொறுத்தது என்பதால், அழுத்தம் குறைந்ததுமே அந்தப் பகுதி குறையும். மடிந்த தசையும் அடைபட்ட நுண்குழாய்களும் திரும்புவதில்லை.

கதிரொளி

நுண்ணோக்கி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மருத்துவமனையில் இது நேரடியாகப் பயன்படும். இயல்பானவர்களின் மூளைத் தமனிகள், சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை மாறினாலும் இரத்த ஓட்டத்தைப் பெரிதாக மாறவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. சுவர் தடித்தவர்களிடம் இந்த எல்லை முழுவதுமாக மேலே நகர்ந்துவிடுகிறது. உயர்ந்த அழுத்தத்தை அவர்கள் தாங்குகிறார்கள். ஆனால் மற்றவர்களுக்கு இயல்பான அழுத்தத்திலேயே அவர்களின் மூளைக்கு இரத்தம் போதாமல் போகலாம். பல ஆண்டுகள் உயர்ந்திருந்த அழுத்தத்தைச் சில நிமிடங்களில் இயல்புக்குக் கொண்டுவர மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். பெருந்தமனிக் கிழிவு போன்ற சில அவசர நிலைகள் தவிர, முதல் ஒரு மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தைக் கால்பங்குக்கு மேல் குறைப்பதில்லை என்பதே பொதுவான நடைமுறை. சிகிச்சை பல வாரங்கள் சீராகத் தொடர்ந்தால் நகர்ந்த எல்லையும் மெல்லக் கீழே இறங்கி வருகிறது.