தட்டான் வாலில் நூல்

குழு: வெண்ணாற்றங்கரை வீடு
ஞாயிற்றுக்கிழமை

செல்வி (காலை 9:12): மன்னார்குடி அத்தை, கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கவின் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்ததற்கு, அவன் தட்டான் வாலில் நூல் கட்டியதுதான் காரணம் என்று சொன்னீர்களா? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "அடுத்த பிறவியில் நான் தட்டானாகப் பிறந்தால் என் வாலில் யார் நூல் கட்டுவார்கள்?" என்கிறான்.

மன்னார்குடி அத்தை (9:20): சொன்னேன். சொன்னால் என்ன? கொஞ்சம் பயம் இருந்தால்தான் கை அடங்கும். அந்தத் தட்டான் சிறகு படபடவென்று அடித்துக்கொள்கிறது, இவன் சிரித்துக்கொண்டே நூலைச் சுண்டிச் சுண்டி இழுக்கிறான். பார்த்த எனக்கு வயிறு எரிந்தது.

கார்த்தி (9:24): தட்டானுக்கு நூல் கட்டாத பிள்ளை தஞ்சாவூர்ச் சீமையில் உண்டா? அந்தக் கணக்கில் சித்தப்பா இன்னமும் விழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

சித்தப்பா (9:31): விழுந்துகொண்டுதான் இருக்கிறேன். அது எங்கள் ஊர் ரோட்டின் புண்ணியம்.

பெரியப்பா (9:48): தங்கச்சி, உன் தட்டான் கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. ஆதிபருவத்தில் மாண்டவ்யர் என்று ஒரு முனிவர். மௌன விரதத்தில் இருக்கிறார். திருடர்கள் களவுப் பொருளோடு அவர் ஆசிரமத்தில் வந்து ஒளிகிறார்கள். காவலர் கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை. அவரையும் சேர்த்துக் கழுவில் ஏற்றிவிட்டார்கள். உயிர் போகவில்லை. பிற்பாடு அரசனே வந்து மன்னிப்புக் கேட்டு இறக்கினான். மாண்டவ்யர் நேரே தர்மதேவனிடம் போய், "நான் செய்த பாவம்தான் என்ன?" என்று கேட்டார். "சிறுவயதில் பூச்சிகளின் வாலில் புல்லைக் குத்தினாய்" என்றான் அவன்.

மன்னார்குடி அத்தை (9:50): பார்த்தாயா செல்வி! நான் சொன்னதைத்தான் வியாசரும் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா (9:57): பொறு, கதை முடியவில்லை. மாண்டவ்யர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அறியாப் பருவத்தில் செய்த சின்னக் குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தர்மதேவனையே சபித்துவிட்டார். அந்தச் சாபத்தால் பூமியில் பிறந்தவன்தான் விதுரன். கூடவே ஒரு வரம்பும் வைத்தார்: 14 வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது.

கார்த்தி (9:58): இந்த 14 வயதுச் சலுகையை மட்டும் கவினிடம் சொல்லிவிடாதீர்கள். ஊரில் ஒரு தட்டான் மிஞ்சாது.

செல்வி (10:05): அத்தனையும் சரி. தட்டானைவிட என்னை உலுக்கிய கேள்வி வேறு. அவன் வகுப்பில் காதில் கருவி மாட்டிக்கொண்டு வருகிற பையன் ஒருவன் இருக்கிறான். "அவன் போன பிறவியில் என்ன செய்தான்?" என்று கேட்டான். நாளைக்கு அவனிடமே போய்க் கேட்டாலும் கேட்பான்.

மன்னார்குடி அத்தை (10:11): ஐயோ, அதை நான் சொல்லவில்லை. ஆனால் தெரியாமல் செய்தாலும் வினை வினைதான். திருவாரூர்க் கல்தேரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பெரியப்பா (10:19): அந்தக் கதையையே எடுத்துக்கொள். கன்று தேர்க்காலில் அடிபட்டுச் செத்தது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன், "அது கன்றின் முன்வினை, போய் வா" என்று பசுவை அனுப்பிவைத்தானா? தன் மகன் செய்ததற்குத் தான் பதில் சொன்னான். அடுத்தவன் படுகிற துன்பத்துக்குக் கர்மாவை விளக்கமாகக் காட்டுகிறவன் அந்தத் தேருக்கு முன்னால் நிற்க முடியாது.

செல்வி (10:22): அப்படியானால் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

பெரியப்பா (10:36): பெரியவர்கள் வினையை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பத்தாயத்தில் கிடக்கிற பழைய நெல் சஞ்சிதம். அதிலிருந்து அளந்து எடுத்து உலையில் போட்டுவிட்டது பிராரப்தம். அதைச் சாப்பிட்டே தீர வேண்டும். இப்போது வயலில் விதைப்பது ஆகாமியம். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இந்த மூன்றாவதை மட்டும்தான். முதல் இரண்டும் தாடி முளைத்த பிறகு போதும். கவின் பத்தாயம் பார்த்திருக்கிறானா?

செல்வி (10:38): பார்த்திருக்கிறான். அதற்குள் பூனை குட்டி போட்டிருந்தது. பத்தாயம் என்றால் அவனுக்குப் பூனை வீடு.

சித்தப்பா (10:52): அண்ணா, விதைப்பதோடு நிறுத்தாதீர்கள். நான் கடைமடைக்காரன். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்றே திறந்தாலும் என் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தால்தான் நிச்சயம். நல்ல விதை போட்டவன் எல்லாம் நெல்லைப் பார்த்துவிடுவதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதே, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை சாய்ந்து கிடந்ததே, அத்தனை பேரும் ஒன்றாகச் சேர்ந்தா போன பிறவியில் பாவம் செய்தார்கள்? ஒருவர் என்னிடம் வந்து "எல்லாம் கர்மா" என்றார். அவருடையது மாடி வீடு. கூரைக்குத் தார்ப்பாய் கொண்டுவந்து கட்டிக்கொடுத்த பையன் கர்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மன்னார்குடி அத்தை (11:04): நீ சொல்வது நியாயம்தான் தம்பி. ஆனால் மாமா போனபோது நான் "இது என் வினை" என்று சொல்லிக்கொண்டுதான் எழுந்து அடுப்பு மூட்டினேன். அந்த வார்த்தை இல்லாவிட்டால் எழுந்திருக்கவே மாட்டேன். அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

செல்வி (11:07): யாரும் பிடுங்கவில்லை அத்தை. அது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டது. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால்?

மன்னார்குடி அத்தை (11:09): சொன்னாள் ஒருத்தி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவள். இன்றுவரை அவள் வாசலை நான் மிதிக்கவில்லை.

மன்னார்குடி அத்தை (11:15): சரி, போனை அவனிடம் கொடு. நானே பேசுகிறேன்.

செல்வி (11:41): பேசி முடித்தாயிற்று. "நீ விழுந்தது வேறு, தட்டானுக்கு வலித்தது வேறு. நீ விழாமல் இருந்திருந்தாலும் அதற்கு வலித்திருக்கும். அதனால் கட்டாதே" என்று சொன்னார்களாம். "அந்தப் பையன் எதுவும் செய்யவில்லை, உன்னைப் போலத்தான் அவனும்" என்றும் சொன்னார்களாம். கேட்டுக்கொண்டான். பிறகு, "அப்படியானால் நான் ஏன் விழுந்தேன்?" என்கிறான்.

சித்தப்பா (11:43): சைக்கிளுக்குப் பிரேக் கட்டை இருக்கிறதா?

செல்வி (11:44): தேய்ந்துபோயிருக்கிறது. அவன் அப்பாவிடம் மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

கார்த்தி (11:45): அத்தான், குழுவில்தான் இருக்கிறீர்களா? நீங்கள் 14 வயதைத் தாண்டிவிட்டீர்கள்.