ஆக்டிவேஷன்: செயலூக்கமா, கிளர்வா?

மொழிபெயர்ப்பாளர்:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ரத்தம் எடுத்து ஆராயப் போகிறார்கள். நோயாளி படித்துக் கையெழுத்திடும் தகவல் தாளை நான் தமிழாக்க வேண்டும், திங்கள் காலைக்குள். இன்ஃப்ளமேஷனுக்கு அழற்சி இருக்கிறது. இம்யூன் செல் ஆக்டிவேஷனில்தான், அதாவது நோயெதிர்ப்பு செல்கள் தூண்டப்பட்டு வேலையில் இறங்குவதற்கான சொல்லில்தான், மாட்டிக்கொண்டேன். செயலூக்கம் என்று போட்டால், 'இதயச் செயலிழப்பில் செல்களின் செயலூக்கம்' என்று ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

மருத்துவர்:
ஓசை கிடக்கட்டும். 'நோயெதிர்ப்பு செல்கள் ஊக்கம் பெறுகின்றன' என்று படித்தால் நோயாளி சந்தோஷப்படுவார்! நடப்பது வேறு. கிருமியே இல்லாதபோதும், சேதமான இதயத் தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் மோனோசைட்டுகள், டி செல்கள் ஆகிய வெள்ளையணு வகைகளை உசுப்பிவிடுகின்றன. குடல் சுவரில் நீர் கோத்துக்கொள்வதால் அங்குள்ள பாக்டீரியாவின் நச்சும் ரத்தத்தில் கலந்து உசுப்பலாம் என்று ஒரு கருத்து உண்டு. இந்தச் செல்கள் சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இதயத்தை மேலும் கெடுக்கின்றன. அப்புறம், அழற்சியை 'வீக்கம்' என்று எளிமைப்படுத்திவிடாதீர்கள். இவர்களில் பலருக்குக் காலில் வீக்கம் இருக்கும். அது நீர் தேங்குவதால் வருவது.

தமிழாசிரியர்:
ஊக்கம் பொருந்தாது என்பதற்குக் குறளே சான்று. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' (486). முட்டப்போகும் கிடாய் பின்வாங்கி நிற்கும்போதே அதற்கு ஊக்கம் இருக்கிறது, பாய்ச்சல்தான் இல்லை. நீங்கள் கேட்பது பாய்ச்சலுக்கான சொல். கிளர் என்ற வினையே தகும். அழல், அழற்சி, கிளர், கிளர்ச்சி. இயைபும் தானாக அமைகிறது.

நிரலாளர்:
ஐயா, கிளர்ச்சி என்றால் செய்தித்தாள் படிப்பவருக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். முடுக்கத்தை இயற்பியல் எடுத்துக்கொண்டது. மருத்துவர் தன்னையறியாமல் இருமுறை 'உசுப்பு' என்றாரே, அதுவே போதாதா?

தமிழாசிரியர்:
கையெழுத்திடும் தாளில் உசுப்பலா? வேண்டாம். அழல் என்றால் தீ. தீயிலேயே நின்றால் செல்கள் 'கனல்கின்றன', தடுக்கும் மருந்து 'அழலவி' என்று ஒரு சொற்குடும்பமே கிடைக்கும்.

மருத்துவர்:
தீ என்று ஆரம்பித்தால் அணைத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்நோயாளிகள் ரத்தத்தில் டி.என்.எஃப். கூடுதலாக இருப்பதை 1990இலேயே கண்டார்கள். அதைத் தடுக்கும் எட்டனர்செப்ட் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. அதையே தடுக்கும் இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப்பைக் கூடிய அளவில் கொடுத்தபோது நிலைமை மோசமானது. நோயாளிக்குத் தரும் தாளில் அழலவி வேண்டவே வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, 'ச்சி'யை எடுத்துவிட்டுக் கிளர்வு என்று வைக்கிறேன். தலைப்பில் 'நோயெதிர்ப்பு செல்களின் கிளர்வும் அழற்சியும்'. உள்ளே முதல் முறை வரும் இடத்தில் 'தேவையில்லாமல் தூண்டப்பட்டிருக்கும் நிலை' என்று விளக்கம். மறுப்பு உண்டா?

நிரலாளர்:
இல்லை. என் ஓட்டு இன்னும் உசுப்பலுக்குத்தான்.

தமிழாசிரியர்:
கிளர்வுக்கு அரைமனதோடு உடன்படுகிறேன். ஆனால் இவ்வளவு பாடுபட்டுவிட்டு 'செல்'லை அப்படியே விடுவதா? உயிரணு இருக்கிறதே.

மருத்துவர்:
பரிசோதனைச் சீட்டில் வெள்ளையணு என்று பார்த்தவர்களுக்கு வெள்ளையணுவே புரியும். ஐயா, அதைத் தனி இழையாகத் தொடங்குங்களேன், இவர் தாளை அனுப்பட்டும்.